கைக்கும் வேண்டும் கவசம்

ரப்பர் மரம் சீவுவது நுட்பமான தொழில். பட்டையை ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனத்திற்கே சீவி எடுத்தல் வேண்டும். கத்தி ஆழ்ந்து மரத்தைத் தொட்டுவிட்டால் காயம். ஆழம் போதாவிட்டால் பால் குறையும். இருளும் பனியும் விலகாத விடியற்பொழுதில் சில நூறு மரங்களில் இவ்வேலையைப் பிழையின்றிச் செய்து முடிப்பவை நம் தோட்டப்புற மக்களின் கைகள். அதே கைகள்தாம் வீட்டிலிருந்து நிரைக்கும், நிரையிலிருந்து பால் நிறுக்கும் கொட்டகைக்கும், மாலையில் கடைத்தெருவுக்கும் மோட்டார் சைக்கிளின் கைப்பிடியைப் பற்றிச் செல்கின்றன. அவ்வாறு செல்லும்போது அவை பெரும்பாலும் வெறுங்கைகளாகவே இருக்கின்றன.

தலைக்கு நாம் கவசம் அணிகிறோம். 1973ஆம் ஆண்டு விதிகளின்படி நம் நாட்டில் மோட்டார் சைக்கிளில் செல்வோர் தலைக்கவசம் அணிவது கட்டாயமாயிற்று. அதே காலக்கட்டத்தில்தான் கூட்டரசு நெடுஞ்சாலையின் ஓரத்தில் மோட்டார் சைக்கிள்களுக்கெனத் தனிப்பாதையும் அமைக்கத் தொடங்கினர். உலகிலேயே இத்தகைய பாதைகளுள் முதலாவது அதுவே எனக் கருதப்படுகிறது. இவ்வளவு இருந்தும், சாலை விபத்துகளில் உயிரிழப்போருள் நூற்றுக்கு 60 பேருக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. உயிர் தப்பியோரில் கை பழுதுபட்டு வீட்டில் இருப்போரை அந்தக் கணக்கு காட்டுவதில்லை. கையுறை அணிய வேண்டும் என்று நம் நாட்டுச் சட்டம் எதுவும் கூறவில்லை. பிரான்சு நாட்டில் 2016ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள் முதல், ஓட்டுநரும் பின்னால் அமர்ந்திருப்பவரும் தரச்சான்று பெற்ற கையுறை அணிந்தாக வேண்டும். இங்கே அதனை முடிவு செய்பவர் அணிபவரே. ஆதலின், எதை வாங்குவது, எதை ஒதுக்குவது என்பதை நாமே அறிந்திருத்தல் நலம்.

சுங்கை பூலோ தரும் பாடம்

ரப்பரையும் கையுறையையும் சேர்த்துப் பேசும்போது சுங்கை பூலோவை நினையாமல் இருக்க இயலாது. 1925ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைத் தோட்டம் பல்லாண்டுக் காலம் அங்கேதான் இருந்தது. 'ஆர்.ஆர்.ஐ.எம். 600' என்ற பெயரைக் கேளாத ரப்பர்த் தொழிலாளி இருக்க முடியாது. அக்கழகத்தின் பெயரையே தாங்கிய மரவகை அது. 1998இல் கழகம் மலேசிய ரப்பர் வாரியத்துடன் இணைந்தது. சோதனைத் தோட்டமாக இருந்த நிலத்தின் பெரும்பகுதி குவாசா டாமான்சாரா என்னும் புதுநகராக மாறிவருகிறது. மரங்கள் நின்ற இடத்தில் அகன்ற சாலைகள் வந்துவிட்டன; 2016ஆம் ஆண்டின் இறுதியில் மின்ரயிலும் வந்துவிட்டது. ஆயினும் ரப்பரின் தொடர்பு அவ்வட்டாரத்தை விட்டு முற்றிலும் அகலவில்லை. சுங்கை பூலோவிலும் கிள்ளானிலும் ஷா ஆலாமிலும் மருத்துவக் கையுறை செய்யும் ஆலைகள் உள்ளன. உலகத்து மருத்துவமனைகளுக்குக் கையுறை அனுப்பும் நாடுகளுள் நம் நாடு முன்னணியில் நிற்கிறது.

அந்த ஆலைகளுக்குச் செல்லும் சாலையில் காலையில் சற்று நேரம் நின்று பார்த்தால், மோட்டார் சைக்கிள்களில் விரைவோரின் கைகள் பலவகையாகக் காட்சி தரும். வெறுங்கையர் பெரும்பாலோர். சிலர் வெயிலுக்காக மெல்லிய துணிக் கையுறை அணிந்திருப்பர். சிலர் மழைக்காக மெல்லிய ரப்பர்க் கையுறையை மாட்டியிருப்பர். விரல் நுனிகள் வெளியே தெரியும் அரைக் கையுறையும் உண்டு. இவர்கள் எல்லாரும் கையைக் காக்க எண்ணியவர்களே. ஆனால் எந்தத் தீங்கிலிருந்து காப்பது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

கையுறை ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட பகைக்கு எதிராகப் பிறந்தது. அறுவை மருத்துவத்தில் ரப்பர்க் கையுறை வந்த வரலாறே இதற்குச் சான்று. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 1889ஆம் ஆண்டளவில் கேரலைன் ஹாம்ப்டன் என்னும் தாதியின் கைகள், கிருமிகொல்லி மருந்தில் நனைந்து நனைந்து புண்பட்டன. அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் அவருக்காக மெல்லிய ரப்பர்க் கையுறைகளைச் செய்து தருமாறு குட்இயர் ரப்பர் நிறுவனத்தைக் கேட்டுக்கொண்டார். மருந்திலிருந்து ஒரு பெண்ணின் தோலைக் காக்க வந்த கையுறை, பின்னர்க் கிருமியிலிருந்து நோயாளியைக் காக்கும் கையுறையாயிற்று. மறு ஆண்டே அத்தாதி ஹால்ஸ்டெட்டின் மனைவியானார் என்பது வேறு செய்தி!

மருத்துவக் கையுறையின் பகை கிருமி. புல் மருந்து அடிப்போர் அணியும் தடித்த ரப்பர்க் கையுறையின் பகை நஞ்சு. மோட்டார் சைக்கிள் கையுறையின் பகையோ தார்ச்சாலை. மருத்துவக் கையுறையை அணிந்து சாலையில் விழுந்தால், தரையில் பட்ட கணத்திலேயே அது கிழிந்து போகும். துணிக் கையுறையும் அவ்வாறே. தேய்ந்த நூல்கள் காயத்தினுள் புகுந்து மருத்துவருக்கு மேலும் ஒரு வேலையைத் தரும். புல் மருந்து அடித்த கையுறையைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே கூற வேண்டியிருக்கிறது. அதனை அணிந்து மோட்டார் சைக்கிள் ஓட்டினால் நஞ்சு கைப்பிடியில் ஒட்டும். பின்னர் வெறுங்கையில் ஒட்டும். வீடு சேர்ந்ததும் ஓடிவந்து வண்டியில் ஏறும் குழந்தையின் கையிலும் ஒட்டும். அது மருந்துக் கொட்டகையை விட்டு வெளியே வரவே கூடாது.

விழும்போது கைக்கு நேர்வது

வீழும் மனிதன் கையை ஊன்றுகிறான். இது எண்ணிச் செய்யும் செயலன்று. எவ்வளவு பழகிய ஓட்டுநரும் இதனைத் தவிர்க்க இயலாது. மணிக்கு 40 கிலோமீட்டர் என்பது நம் பார்வையில் மெதுவான வேகம். அவ்வேகத்தில் விழுபவர் தார்ச்சாலையின் மேல் சுமார் 10 மீட்டர் தூரம், ஏறக்குறைய இரண்டு வினாடிகள் சறுக்கிச் செல்லக்கூடும். அந்த இரண்டு வினாடிகளும் உள்ளங்கையின் அடிப்பகுதி, அதாவது மணிக்கட்டை ஒட்டிய மேடு, சாலையில் தேய்கிறது. தோட்டத்துச் செம்மண் பாதையில் வேகம் இன்னும் குறைவு. ஆனால் கூர்ங்கற்கள் மிகுதி. நனைந்த இலைச்சருகின் மேலோ, பால் சிந்திய இடத்திலோ முன்சக்கரம் வழுக்கினால், காலை ஊன்றும் முன்னரே கை தரையைத் தொட்டுவிடும்.

தோல் உரிவது ஒருபுறம் இருக்க, எலும்பைப் பற்றியும் கூற வேண்டும். மணிக்கட்டில் பெருவிரலின் பக்கமாகப் படகு வடிவில் ஒரு சிற்றெலும்பு இருக்கிறது. கையை நீட்டி ஊன்றி விழும்போது முறியும் எலும்புகளுள் இது முக்கியமானது. இதற்கு இரத்தம் ஒரு முனையிலிருந்தே பெரிதும் செல்வதால், முறிந்தால் கூடுவதற்குப் பல வாரங்கள் ஆகும். சிலருக்குக் கூடாமலே போவதும் உண்டு. தொல்லை யாதெனில், முதல் நாள் எடுக்கும் எக்ஸ்ரே படத்தில் முறிவு தெரியாமல் இருக்கக்கூடும். வீக்கமும் அதிகமாக இராது. "சுளுக்குத்தான்" என்று தைலம் தேய்த்து உருவிவிடுவர். பெருவிரலை நிமிர்த்தினால் அதன் அடியில் ஒரு சிறு குழி தோன்றும். விழுந்தபின் அக்குழியை அழுத்தும்போது வலித்தால், உருவிவிடுவதைத் தவிர்த்து மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும். வலி நீடித்தால், பத்துப் பதினான்கு நாட்களில் மறுபடியும் படம் எடுக்குமாறு கேட்க வேண்டும். பெருவிரலும் மணிக்கட்டும் சரியாக இயங்காத கை, கத்தியைப் பிடிக்கும். ஆனால் ஒரு மில்லிமீட்டர் பட்டையைச் சீவாது.

வேலைக்குச் செல்லும் வழியிலோ, வேலை முடிந்து திரும்பும் வழியிலோ விபத்து நேர்ந்தால், அது பெர்கேசோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் காப்புக்குள் வரும். 1969ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு இடமளிக்கிறது. ஆகவே, சிறு காயமே என்றாலும் தோட்ட அலுவலகத்தில் உடனே தெரிவித்து, மருந்தகச் சீட்டைப் பத்திரப்படுத்தி வைப்பது நன்று. உதவித்தொகை வீட்டுச் செலவைத் தாங்கும். கையின் பழைய திறமையை அதனால் மீட்டுத் தர இயலாது.

கையுறை உண்மையிலேயே பயன் தருகிறதா என்ற கேள்வி எழலாம். ஆஸ்திரேலியாவின் தலைநகரான கான்பெரா வட்டாரத்தில் 2008, 2009ஆம் ஆண்டுகளில் விபத்துக்குள்ளான 212 மோட்டார் சைக்கிளோட்டிகளை ஆராய்ந்து, 2011இல் முடிவுகளை வெளியிட்டனர். மோட்டார் சைக்கிளுக்கென்றே செய்யப்பட்ட கையுறை அணிந்திருந்தவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்படும் வாய்ப்பு, அணியாதவர்களைவிட நூற்றுக்கு 59 பங்கு குறைவாக இருந்தது. அதே ஆய்வில் மற்றொன்றும் தெரிய வந்தது. அணிந்திருந்த கையுறைகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்று, விழுந்தபோது தாங்காமல் பழுதுபட்டுப் போயிற்று. நல்ல விலை கொடுத்து வாங்கும் நாட்டிலேயே இந்நிலை என்றால், இரவுச் சந்தையில் விளக்கொளியில் பார்த்து வாங்கும் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

தேர்ந்தெடுக்கும் முறை

கடைக்காரர் முதலில் காட்டுவது விரல் கணுக்களின் மேல் பளபளக்கும் பிளாஸ்டிக் ஓடு. அதைக் கண்டு மயங்கலாகாது. கையுறையைத் திருப்பி, உள்ளங்கையைப் பாருங்கள். சாலையில் தேய்வது அந்தப் பக்கமே. மணிக்கட்டை ஒட்டிய மேட்டிலும், சுண்டுவிரலின் பக்கமாக உள்ளங்கையின் வெளியோரத்திலும் தோல் இரட்டையாகத் தைக்கப்பட்டிருத்தல் வேண்டும். சிலவற்றில் அம்மேட்டின் மீது வழவழப்பான கடினத் துண்டு ஒன்று பதிக்கப்பட்டிருக்கும். அது இருப்பின் மிக நன்று; கை தரையைக் கவ்வி முறுக்கிக்கொள்ளாமல் வழுக்கிச் செல்ல அது உதவும். படகு எலும்பின் முறிவைத் தவிர்க்கும் நோக்கமும் அதற்கு உண்டு. உள்ளங்கையில் ஒற்றைத் துணியும் மேலே பெரிய ஓடும் உள்ள கையுறை, கூரையில்லாத வீட்டுக்கு வண்ணக் கதவு வைத்தாற் போன்றது.

அடுத்துப் பார்க்க வேண்டியது மணிக்கட்டுப் பட்டை. விழும்போது கழன்று பறந்துவிடும் கையுறையால் யாருக்கு என்ன பயன்? கையுறையை மாட்டிப் பட்டையை இறுக்கியபின், உடன் வந்தவரை விரல் நுனிகளைப் பற்றி வலுவாக இழுக்கச் சொல்லுங்கள். கழன்று வந்தால் அந்த இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எவ்வளவு நல்ல தோலாக இருப்பினும் அது வேண்டாம். பட்டையே இல்லாமல் நெகிழ்நாடா மட்டும் தைத்தவை இச்சோதனையில் பெரும்பாலும் தோற்கும். கடைக்காரர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும்.

அளவு அடுத்தது. பெருவிரலை விலக்கி, விரல் கணுக்களை ஒட்டி உள்ளங்கையைச் சுற்றி அளவுநாடாவால் அளக்க வேண்டும். 8 அங்குலம் இருந்தால் கையுறையின் எண் பொதுவாக 8 ஆகும். ஆனால் எண்ணை மட்டும் நம்பலாகாது; மாட்டிக்கொண்டு வண்டியின் கைப்பிடியைப் பற்றிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். விரலை மடக்கும்போது நுனி அழுந்தக் கூடாது. உள்ளங்கையில் தோல் மடிந்து சுருளவும் கூடாது. பிரேக்கை இரண்டு விரல்களால் இழுத்துப் பார்ப்பது அவசியம். நாம் 'கப்சாய்' என்று அழைக்கும் சிறு வண்டிகளில் கிளட்ச் பிடி இல்லாததால், முடுக்கும் வேலையும் முன்பிரேக்கின் வேலையும் வலக்கைக்கே உரியவை. ஆகவே வலக்கையுறையைத்தான் முதலில் மாட்டிப் பார்க்க வேண்டும். முதலில் தேய்வதும் அதுவே. தோல் கையுறை பழகப் பழகச் சற்று நெகிழ்ந்து கொடுக்கும். ஆதலால் தொடக்கத்தில் சிறிது இறுக்கமாக இருப்பதில் தவறில்லை. செயற்கைத் துணியில் செய்தவை அவ்வாறு நெகிழா.

இங்கே பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மரம் சீவும் பெண்கள் பலர் தாமே மோட்டார் சைக்கிள் ஓட்டிச் செல்கின்றனர். வீட்டில் கணவர்க்கோ மகனுக்கோ வாங்கிய கையுறையை அணிந்து செல்லும் வழக்கமும் உண்டு. விரல் நுனியில் ஓர் அங்குலம் வெறுமையாகத் தொங்கும் கையுறை, பிரேக்கில் சிக்கி விபத்தையே உண்டாக்கக்கூடும். அவர்களுக்கு அவர்களுடைய அளவில் ஒரு ஜோடி வேண்டும்.

தோலைப் பொறுத்தவரை, மாட்டுத்தோல் தடிப்பானது, நெடுநாள் உழைக்கும். ஆட்டுத்தோல் மெல்லியதாக இருப்பினும் உறுதியானது. விரலுக்கு நன்கு இணங்கும். நம் வெயிலுக்கு ஆட்டுத்தோலே ஏற்றது என்பது நம் கருத்து. புறங்கைப் பகுதி காற்றுப் புகும் வலைத்துணியாக இருக்கலாம். உள்ளங்கை மட்டும் தோலாகவே இருக்கட்டும். அரைக் கையுறை வேண்டவே வேண்டாம். தையலை ஊன்றிக் கவனியுங்கள். விரல்களின் இரு பக்கத்திலும் தையல் நெருக்கமாக இருக்கிறதா, நூல் பிரிந்து தொங்குகிறதா என்பதை விரலை விரித்து இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். உட்புறத் தையல் தடித்து உறுத்தினால், அரைமணி நேர ஓட்டத்தில் அதுவே புண்ணாகும். புண்ணானால் மறுநாள் கையுறை வீட்டில் இருந்துவிடும். கணுக்களின் மேல் ஓடு இருந்தால், அதன் அடியில் மெத்தை இருக்கிறதா என்று பார்க்கவும். ஓரத்தை அழுத்தினாலே வெடிக்கும் மலிவான பிளாஸ்டிக், உடைந்தால் கத்தியாகும்.

ஐரோப்பியத் தரச்சான்று பெற்ற கையுறையின் உட்சிட்டையில் மோட்டார் சைக்கிளோட்டியின் சிறு படமும், ஈ.என். 13594 என்ற எண்ணும், 1 அல்லது 2 என்ற நிலையும் அச்சிடப்பட்டிருக்கும். 2015ஆம் ஆண்டுத் தரவிதியின்படி, ஓடும் மணல்தாளின் மேல் உள்ளங்கைப் பகுதியை அழுத்திச் சோதிக்கும்போது, முதல் நிலைக் கையுறை குறைந்தது 4 வினாடியும் இரண்டாம் நிலை 8 வினாடியும் தாங்க வேண்டும். 'கே.பி.' என்ற எழுத்துகள் இருந்தால் கணுக்காப்பும் சோதிக்கப்பட்டது என்று பொருள். சான்று பெற்றதை வாங்க இயலுமானால் அதனையே வாங்குவது சிறப்பு. இயலாதவர்கள் மேலே கூறிய சோதனைகளைத் தம் கையாலேயே செய்து பார்த்து வாங்கலாம். சான்று இல்லாத நல்ல கையுறையும் உண்டு. சிட்டையை மட்டும் நன்றாக அச்சிட்ட போலியும் உண்டு.

மழையும் வியர்வையும்

நம் நாட்டுப் பருவநிலையில் கையுறைக்கு எழும் பெரிய எதிர்ப்பு வியர்வைதான். "கை அவிந்து போகிறது" என்று கழற்றிப் பையில் போட்டுவிடுகின்றனர். புறங்கையில் துளையிட்ட தோல் அல்லது வலைத்துணி உள்ளவற்றை வாங்கினால் இக்குறை பெரிதும் நீங்கும். வண்டி ஓடும்போது காற்று உள்ளே செல்லும், நிற்கும்போதுதான் வியர்க்கும். மழைநீர் புகாத கையுறைகள் தடிப்பானவை. பிரேக்கின் உணர்வைக் குறைப்பவை. குறுகிய தூரம் செல்பவர்களுக்கு அவை தேவையில்லை. நனைந்தால் உலர்த்திக்கொள்ளலாம், அடுப்பின் மேலோ கடும் வெயிலிலோ உலர்த்தினால் தோல் வறண்டு வெடிக்கும். காற்றோட்டமான நிழலில், விரல்களை நிமிர்த்தித் தொங்கவிட வேண்டும்.

ரப்பர்த் தொழிலாளர்க்கு மட்டும் உரிய எச்சரிக்கை ஒன்று இருக்கிறது. பாலை உறைய வைக்கப் பயன்படும் பார்மிக் அமிலம் செறிவாக இருக்கும்போது நைலானையே கரைக்க வல்லது. பல கையுறைகளின் தையல் நூல் நைலானே. கொட்டகையில் அமிலத்தைத் தொட்ட கையோடு கையுறையை மாட்டினால், வெளியே தெரியாமல் தையல் இற்றுப்போகக்கூடும். உள்ளங்கையில் ஒட்டிய பால் உலர்ந்தால் தோல் விறைக்கும். ஆகவே கையைக் கழுவித் துடைத்த பின்னரே கையுறையை அணிய வேண்டும். நிரையில் இருக்கும்போது அதனை வாளியிலோ ஒட்டுப்பால் பையிலோ போடாமல், வண்டியின் இருக்கைக்கு அடியில் தனிப் பையில் வைப்பது நல்லது.

சாலையில் ஒருமுறை உரசிய கையுறை, பார்வைக்கு நன்றாக இருந்தாலும், மறுமுறை தாங்கும் என்று நம்ப முடியாது. உள்ளங்கையின் தோல் மெலிந்து ஒளி தெரியத் தொடங்கினாலோ, பட்டை ஒட்டாமல் நழுவினாலோ, அதற்கும் ஓய்வு கொடுத்துவிட வேண்டியதுதான். அப்போதும் அது வீணாவதில்லை. மங்கிலும் பட்டையிலும் ஒட்டிய பாலைப் பிடுங்க அந்தப் பழைய ஜோடி இன்னும் சில மாதம் உழைக்கும். வண்டியின் கைப்பிடிக்கு மட்டும் அது திரும்ப வேண்டாம்.